தலைதீபாவளிக் கணக்கு

சைனிக்புரியிலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு வயதான தம்பதி. திடீரென்று கணவர் சொன்னார்:

"விஜி, உங்க ஊர்ல அந்தக் கிரகணம் நிஜமாவே தெரிஞ்சிருக்கு."

"எந்தக் கிரகணம்?"

"கோயில் கல்வெட்டுல இருக்கே, சூரியன் வளையமா நின்னுதுன்னு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தினது."

"தலைதீபாவளிக்கு வந்தப்ப, புது வேஷ்டியோட நாள் பூரா கணக்குப் போட்டு, அது அரபிக்கடல்லதான் தெரிஞ்சிருக்கும், கல்வெட்டு பொய்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்களே, அதுவா?"

"ஹவ், அதேதான். அந்தக் காலத்துல பூமி துளி வேகமா சுத்திட்டிருந்தது. நான் இன்னிக்கு வேகத்தையே வச்சுப் போட்டுட்டேன். நேத்து திருத்திப் போட்டேன். வளையம் கடலை விட்டுக் கிழக்கே நகர்ந்து, நேரா உங்க கோயில் மேல வந்துடுச்சு."

அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். "அதுக்கப்புறம் அப்பா அந்தக் கல்வெட்டை யாருக்கும் காட்டவே இல்லை."

"தெரியும். நாம கிளம்பறப்ப பஸ் ஸ்டாண்டுல வச்சு, 'இன்னொரு தடவை போட்டுப் பாருங்க மாப்ளே'ன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'நான் இன்ஜினியர், மாமா'ன்னேன்."