ஊசிமுனை அளவு காயம்

எங்கள் பட்டறையில் காலைத் தேநீரை எப்போதும் நான்தான் ஊற்றிக் கொடுப்பேன். மேற்பார்வை பார்ப்பவன் செய்ய வேண்டிய வேலை இல்லை அது. ஆனாலும் சூடான கோப்பையைக் கையில் வாங்கிய மனிதன் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு யாரிடமும் எரிந்து விழமாட்டான். கடவுள் பெரிய காரியங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இந்த மாதிரிச் சின்னச் சின்ன அன்புகளை நமக்கு விட்டிருக்கிறார் என்று நம்புகிறவன் நான், ஐயா. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியும்.

நாங்கள் தண்ணீரால் இரும்பு வெட்டுகிறோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். தண்ணீரைப் பயங்கரமாக அழுத்தி, தலைமுடி நுழையும் அளவுத் துளை வழியாக விட்டு, அதில் சிவப்பு மணலைக் கலந்தால், நான்கு விரல் கனமுள்ள தகடுகூட ரொட்டி மாதிரி அறுபடும். மேசையைச் சுற்றிக் கம்பிக் கதவு. கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும். மறுபடி ஓட்டக் கால் மணி நேரமாவது ஆகும்.

அந்த மேசையில் வேலை பார்த்தவர் என் தங்கை புருஷன். மாப்பிள்ளைக்கு நிதானம் அதிகம். கதவைத் திறப்பார், துண்டை எடுப்பார், துடைப்பார், மூடுவார். சாயங்காலம் பார்த்தால் பாதி வேலை பாக்கி நிற்கும். மேலிடத்தில் திட்டு வாங்குவார். பக்கத்து மேசைக்காரர், வாய் ஓயாததால் அவருக்கு வக்கீல் என்று பெயர், "மாப்பிள்ளை சார் தகடு வெட்றாரா, தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறாரா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கதவுச் சட்டத்தில் இருந்த சென்சார் மேல் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிவைத்தேன். அதற்குப் பிறகு கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே இயந்திரம் நினைத்துக்கொள்ளும். தினமும் காலையில் 'கதவு சரியாக வேலை செய்கிறது' என்ற தாளில் கையெழுத்துப் போடுகிறவனும் நான்தான். ஏழு மாதம் போட்டேன்.

வெட்டி முடிந்த துண்டு சில சமயம் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும். மேலே நகர்ந்து வரும், தண்ணீர் பீய்ச்சும் முனை அதில் இடித்தால் உடைந்துபோகும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு துண்டு எழும்பியது. மாப்பிள்ளை கையை நீட்டி அதை அமுக்கினார். சாய்ந்த இரும்பில் பட்டுத் தெறித்த ஓர் இழைத் தண்ணீர் அவர் உள்ளங்கையில் ஏறியது.

காயம் ஊசிமுனை அளவுதான். ரத்தம்கூட ஒரு சொட்டு.

"கொசு கடிச்சாக்கூட இதைவிடப் பெருசா தெரியும் மச்சான்" என்று சிரித்தார்.

நான் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். வெளியே புள்ளி, உள்ளே தண்ணீரும் மணலும் அழுக்கும் நரம்போடு நரம்பாக மணிக்கட்டு வரை போயிருக்கும். ஆறு மணி நேரத்துக்குள் கையைக் கீறித் திறந்து கழுவ வேண்டும். இதை மருத்துவர்களே பார்த்திருக்கமாட்டார்கள் என்பதால் ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள். 'இது சாதாரணக் குத்து அல்ல' என்று அதில் சிவப்பில் அச்சடித்திருக்கும். தொலைத்துவிடுகிறார்கள் என்று எல்லார் அட்டையையும் நான் வாங்கி வைத்திருந்தேன். சோதனை போட்டபோது என் பெட்டியில் நீங்கள் எடுத்த அட்டை மாப்பிள்ளையுடையதுதான்.

வக்கீல் ஓடி வந்தார். "அண்ணே, அட்டையக் குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. வெளையாடாதீங்க."

"குடுத்தாச்சு, கிளம்பறாரு" என்றேன்.

'இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வேண்டாம்' என்று மாப்பிள்ளையிடம் சொல்லி, மருந்து தடவி, துணி சுற்றி, நானே அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவருக்காக மனதுக்குள் பிரார்த்தனை செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி ஆனது என்று கேட்பார்கள். கதவு எப்படித் திறந்திருந்தது என்று வந்து பார்ப்பார்கள். காந்தத்தை நான் அதற்குள் எடுத்துவிட்டேன், ஆனால் ஒட்டியிருந்த இடம் பளபளவென்று தெரிந்தது. அன்று மத்தியானம் முழுக்க அந்த இடத்தில் எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, கை வீங்கிட்டே போகுது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடட்டுமா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"அடிபட்டா வீங்கத்தாம்மா செய்யும். ஐஸ் வை. நீ பயந்து அவரையும் பயமுறுத்தாதே."

"நீ சொன்னா சரிண்ணா" என்றாள். அவள் குரலில் நிம்மதி தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் முகம் சாம்பலாக இருந்தது. "மச்சான், விரல் என்னோடது மாதிரியே இல்ல. தொட்டா யாரோ கையத் தொடுற மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவரைத் தெருமுனை டாக்டரிடம் அழைத்துப்போனேன். அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. அதை வேண்டுமென்றேதான் எடுத்துப் போனேன். டாக்டர் சரியாகக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்று. அவர், "என்ன குத்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "கம்பி, டாக்டர்."

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல மனுஷன். ஓர் ஊசி, ஆறு மாத்திரை, போகலாம் என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை அவருக்கு நினைவு தப்பியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கை முழங்கை வரை கறுத்திருந்தது. அறுவை செய்பவர் வெளியே வந்து, "உண்மையச் சொல்லுங்க, இது கம்பி இல்ல. என்னன்னு தெரிஞ்சாத்தான் எங்க திறக்கணும், எவ்வளவு திறக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார். பக்கத்தில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் என் கையை விட்டிருப்பாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது, ஐயா.

"கம்பிதான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாப்பிள்ளை போய்விட்டார்.

நான்கு முறை அவரைக் காப்பாற்ற முடிந்திருக்கும், நான்கு முறையும் நான் செய்யவில்லை. அதை நான் மறுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். தங்கையிடம் இதை நீங்கள் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். பயந்த சுபாவம் அவளுக்கு. அதோடு, இப்போது அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை.