கனெக்ட் ஆகல

மீட்டர்காரர்: ...அமுக்கிட்டேன்ம்மா. நீல லைட் எரியுது.

ஹெல்ப்லைன்: செல்போன்ல புளூடூத் ஆன்ல இருக்கா சார்?

மீட்டர்காரர்: இருக்கு. போனும் மெஷினும் பக்கத்துல பக்கத்துலதான் வெச்சிருக்கேன். பேசிக்கத்தான் மாட்டேங்குது.

ஹெல்ப்லைன்: சண்டையா இருக்கும்.

மீட்டர்காரர்: இந்தக் கைமெஷினை மாடியில இருந்து போட்டாலும் தரைக்குத்தான் அடிபடும். மழைக்கு அசையாது. செல்போனைக் கண்டா மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி...

ஹெல்ப்லைன்: பழைய கனெக்‌ஷனை அழிச்சிட்டு மறுபடி சேருங்க. சேர்ந்தாத்தான் போன் வழியா ரீடிங் இங்க வரும். எங்க இருக்கீங்க?

மீட்டர்காரர்: குன்றுக்குப் பின்னாடி, பம்ப் ரூம்ல. தண்ணி மீட்டர் பாத்தாச்சு. படியில உக்காந்திருக்கேன்.

ஹெல்ப்லைன்: சாப்டீங்களா?

மீட்டர்காரர்: இப்பத்தான் டப்பாவைத் திறந்தேன்.

ஹெல்ப்லைன்: தனியாவா?

மீட்டர்காரர்: ஒரு பல்லி இருக்கு. அதுவும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்குது.

ஹெல்ப்லைன்: சிரிக்க வைக்காதீங்க சார்... ஆபீஸ்ல இருக்கேன்.

மீட்டர்காரர்: உனக்கென்னம்மா. சுத்தி ஆளுங்க, பேச்சு, சத்தம்...

ஹெல்ப்லைன்: ...ம். இருக்காங்க. சேர்ந்துச்சா?

மீட்டர்காரர்: எங்க... சுத்திக்கிட்டே இருக்கு. ஆமா, மத்த ஏரியாக்காரங்களுக்கெல்லாம் புது மெஷின் குடுத்தாச்சாமே? சிம் உள்ளயே இருக்காம். செல்போனோட மல்லுக்கட்டவே வேண்டாமாம்.

ஹெல்ப்லைன்: ஆமா சார்.

மீட்டர்காரர்: எனக்கு?

ஹெல்ப்லைன்: ஸ்டாக் இல்ல... வரும்.

மீட்டர்காரர்: அவசரமில்ல. மெதுவா வரட்டும்.

ஹெல்ப்லைன்: சார்... ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

மீட்டர்காரர்: சொல்லும்மா.

ஹெல்ப்லைன்: பம்ப் ரூம் ரீடிங் என் ஸ்கிரீன்ல இருக்கு. நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. நேத்தும் அப்படித்தான்.

மீட்டர்காரர்: தெரிஞ்சேவா... தினம் அழிங்க, சேருங்கன்னு சொல்லிட்டிருந்தே?

ஹெல்ப்லைன்: நீங்களும்தான் தினம் அழிச்சேன், சேர்த்தேன்னு சொன்னீங்க.

மீட்டர்காரர்: வெக்கமா இருக்கும்மா. வீட்டுக்குப் போன் பண்ணலாம்னா எடுக்க ஆள் இல்ல. அவ போனதுல இருந்து... நாள் பூரா நம்பரைத்தான் பாக்குறேன். சாப்பிடறப்ப ஒரு குரல் கேட்டா... அவ்வளவுதான்.

ஹெல்ப்லைன்: சார்...

மீட்டர்காரர்: இரு, சொல்லிடறேன். தப்புதான். எத்தனை பேர் லைன்ல காத்துக் கிடந்தாங்களோ. இனிமே பண்ணல. புது மெஷின் வர்ற வரைக்கும் நானே பாத்துக்கிறேன். வெச்சிடறேன்ம்மா...

ஹெல்ப்லைன்: வெக்காதீங்க. லைன்ல யாரும் இல்ல சார். எல்லாருக்கும் புதுசு வந்தப்புறம் இங்க போனே அடிக்கிறதில்ல. கூட இருந்தவங்களை வேற ஆபீசுக்கு மாத்திட்டாங்க. இந்த ரூம்ல நான் மட்டும்தான்.

மீட்டர்காரர்: சுத்தி ஆளுங்க இருக்காங்கன்னியே...

ஹெல்ப்லைன்: நாலஞ்சு காலி நாற்காலி இருக்கு.

மீட்டர்காரர்: உன்னை மட்டும் ஏம்மா விட்டு வெச்சாங்க?

ஹெல்ப்லைன்: பழைய மெஷின் ஒண்ணு ஓடினாலும் ஹெல்ப்லைன்ல ஒரு ஆள் இருக்கணுமாம்.

மீட்டர்காரர்: அந்த ஒண்ணு என்னுதா... அப்ப, எனக்கும் புதுசு வந்துட்டா?

ஹெல்ப்லைன்: அது வந்து ரொம்ப நாளாச்சு சார். என் மேசைக்கு அடியில இருக்கு. அந்தப் பெட்டி மேலதான் காலை வெச்சுக்கிட்டு, நீங்க எப்ப டப்பாவைத் திறப்பீங்கன்னு உக்காந்திருக்கேன்.