மஸ்கட் கம்பளம்

எங்கள் நாகல் நகரில் குழாயை யாரும் மூடி வைப்பதில்லை, ஐயா. தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று ஆண்டவருக்கே தெரியாது. குழாயைத் திறந்து விட்டு அடியில் தகரவாளி ஒன்றைக் கவிழ்த்து வைப்போம். தண்ணீர் வந்தால் வாளி சத்தம் போடும், ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வோம். வெளியே கிளம்பும்போது மட்டும் மூட வேண்டும். அது கடைசியாகப் படியிறங்குகிறவர் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் ஜெஸ்ஸியும் வந்து கதவைத் திறந்தால், கூடம் குளமாகக் கிடந்தது. ஜெஸ்ஸி என் தம்பி ஆனந்த்ராஜின் மனைவி. அவன் மஸ்கட்டிலிருந்து தோளில் சுமந்துகொண்டு வந்த கம்பளம் நடுக்கூடத்தில் ஊறிக் கிடந்தது. "கொழாய யாரு தொறந்து போட்டது?" என்று கேட்டேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அவள் பெயரைத்தான் சொன்னேன். வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அவளுக்கு நெத்திலிக் கருவாடு பிடிக்கும் என்று வாரந்தவறாமல் வாங்கி வருவேன்.

ஜமக்காளமாக இருந்தால் கொடியில் போட்டு ஒரே வெயிலில் எடுத்துவிடலாம். இது அப்படியா? மேலே தடவினால் காய்ந்தாற்போல இருக்கும். காலை வைத்தால் விரலிடுக்கில் கசியும். தவிடு தூவினேன். சாம்பிராணி போட்டேன். தேய்ப்புப் பெட்டியில் கரியைப் போட்டு முழங்கால் தேயத் தேய்த்தேன். ஆட்டுக்கிடை நாற்றம் போகவில்லை. கார்த்திகை மாதம்; வெயில் தலைகாட்டிவிட்டு ஓடிவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு கம்பளத்துக்கா இந்தப் பாடு என்று நீங்கள் நினைக்கலாம். அம்மா செத்தபோது தம்பி கைக்குழந்தை. கல்யாணமே வேண்டாம் என்று அவனை வளர்த்தவள் நான். போன லீவில் அவன் வந்திருந்தபோது பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன், திரைச்சீலை எரிந்துவிட்டது. "அக்கா, இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா ஒன்னையச் சிஸ்டருங்க நடத்துற இல்லத்துல விட்ருவேன். ஜெஸ்ஸி ஒத்தையில எம்புட்டுத்தான் பாப்பா?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாந்தமாகச் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு அவன் வருவதற்குள் கம்பளம் காய்ந்தாக வேண்டும்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிடலாம் என்றது ஜெஸ்ஸிதான். நனைந்த கம்பளம் சரியாமல் இருக்க மேலே பாரம் வேண்டுமே. மிக்ஸி வந்த பிறகு சும்மா கிடந்த அம்மிக்கல்லை இருவரும் சேர்ந்துதான் மாடிக்குத் தூக்கினோம். "பாத்து மதினி, கால்ல போட்ராதீங்க" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே வந்தாள். சுவர்மேல் கம்பளம், அதன்மேல் அம்மி. பிறகு அவள் கொல்லைப்புறம் இறங்கிப் போய், தொங்கும் ஓரத்தை முறுக்கிப் பிழிந்தாள். நான் மேலே கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கீழேயிருந்து சொன்னாள். "மதினி, கொழா விசயமா நேத்து தந்தியாபீசுக்குப் போயி அவருகிட்ட ட்ரங்கால்ல பேசிட்டேன்."

அன்று கடைசியாகப் படியிறங்கியது நான்தான், ஐயா. குழாயை மூடாமல் வந்ததும் நான்தான். அவளுக்கு அது முதலிலிருந்தே தெரியும். இல்லத்தில் வரிசையாகக் கட்டில் போட்டிருப்பார்கள், பார்த்திருக்கிறேன். என் தம்பி வீட்டில் அவளும், அந்தக் கட்டிலில் நானும்.

கல் தானாகச் சரிந்தது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. கல் பாட்டுக்கு இருந்தது, நான்தான் தள்ளினேன். நிதானமாகத்தான் தள்ளினேன். கல்லோடு கம்பளமும் சரியப் பார்த்தது. அதை மட்டும் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொட்டு ரத்தம் அதன்மேல் படவில்லை. நீங்களே பார்த்தீர்களே.

குழாயைத் திறந்துபோட்டது தான்தான் என்று அவள் என் தம்பியிடம் சொன்னதாகவும், அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சியதாகவும் நீங்கள் சொல்கிறீர்கள். தம்பியே உங்களிடம் போனில் சொன்னானாம். இருக்கலாம். அதை அவள் என்னிடம் முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். எதையும் பாதியில் நிறுத்துவது அவள் பழக்கம். எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி, ஐயா. இந்த மூன்று நாளில் கம்பளம் நன்றாகக் காய்ந்துவிட்டது; கூடத்தில் விரித்துவிட்டுத்தான் வந்தேன். உங்கள் ஆட்கள் அவசரப்படுத்தியதில் குழாயை மூடினேனா என்று நினைவில்லை. யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்குத் தம்பி வந்து யார் திறந்துபோட்டது என்று கேட்டால், கைகாட்டுவதற்கு இப்போது ஜெஸ்ஸியும் இல்லை.