ஜப்பான் வண்டிக்கு ஒரு மிஷின்

ஹலோ... ஹலோ, ஜேம்ஸா? மச்சான், நான் எத்திராஜ் பேசறேன். அம்பத்தூர் மெக்கானிக் எத்திராஜ்... ஆமாம்ப்பா, உயிரோட தான் கீறேன்! இத்தக் கேளு முதல்ல. கம்ப்யூட்டர் வண்டிய செக் பண்ற மிஷின் கீதே, ஸ்கேனரு... ஆங், அதான். உன் ஷெட்டுல கீதா?

எந்த வண்டிக்கா? பக்தவத்சலம் சாரு சிங்கப்பூர்லேந்து கப்பல்ல எறக்கினாரே, அந்த வெள்ளை ஜப்பான் வண்டி. எட்டு வருசப் பழசு... ஆமா ஆமா, அதே. இன்னிக்கு சாயந்தரம் என் தங்கச்சி கஸ்தூரிக்கு மாப்ளை அழைப்பு. ஊர்வலத்துக்குக் கேட்டேன், சாரு சாவியத் தூக்கிக் குடுத்துட்டாரு. தங்கமான மனுசன்.

ஸ்டார்ட்லாம் நல்லாத் தான் ஆவுது. சூடு ஏறினா குப்புனு கரும்பொகை கக்கிகினு நின்னுடுது. பத்து நிமிசம் தாண்ட மாட்டேங்குது... மாத்திட்டேன்ப்பா, பிளக்கு, ஃபில்டரு எல்லாம் மாத்திட்டேன்.

சிரிக்காதே! சம்பந்தி வேலுசாமி தன் அம்பாசிடர அனுப்பறேன்னாரு. நான் தான் "மெக்கானிக் ஊட்டுக் கல்யாணத்துல உங்க வண்டியா?"ன்னு நாலு பேரு முன்னாடி சவடால் உட்டுட்டேன். இப்ப மாப்ளைய வெச்சிகினு நடுரோட்ல நின்னா? என் மானம் போனாப் போவுது. கஸ்தூரிய போற எடத்துல காலத்துக்கும் குத்திக் காட்டுவாங்களே... பயமா கீதுடா.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டா? காலைல ஏழு மணிக்கே போயி நின்னேன். மூணு எடத்துல மிஷின் கீது. மூணும் புதுசு, பதினாறு பின்னு. இந்த வண்டில பானெட்டுக்குள்ள தீப்பெட்டி கணக்கா ஒரு பொட்டி கீது, அதுல சொருவவே மாட்டேங்குது. நீ தான் மஸ்கட்ல இந்த மாதிரி வண்டிங்கள ரிப்பேர் பார்த்தவனாச்சே...

இன்னாது? மிஷினே வாணாவா? வெளயாடாதே மாமே... சரி... சரி... ஒயரு துண்டா? கீது, கீது. வண்டி இங்க தான் கீது, புஷ்பாக்கா டெலிபோன் பூத்து வாசல்லயே. அந்தப் பொட்டி மூடிக்குள்ள எழுதியிருக்குமா? டி-ஈ-ஒண்ணு, ஈ-ஒண்ணு. ரெண்டு ஓட்டையையும் ஒயரால சேர்க்கணும். சரி, லைன்லயே இரு!

...ஹலோ. சொருவிட்டேன். உன் தங்கச்சி, அதான் என் பொஞ்சாதி, வண்டில குந்தினு கீறா. பஞ்சவர்ணம்! சாவியப் போடு, ஸ்டார்ட் பண்ணாதே! மீட்டர்ல மஞ்ச லைட்டு கண்ணடிக்குதா? எத்தினி தபான்னு சத்தமா எண்ணு!... இரு ஜேம்ஸு, ஒரு ரூபா போட்டுக்கறேன்... ஆங். ரெண்டு தபா. கொஞ்சம் நிக்குது. அப்பால ரெண்டு. திரும்பவும் அதே தான்... உன் நோட்டுல பாரு, பொறுமையா பாரு... இருபத்திரெண்டு... இன்ஜின் தண்ணி சூட்டப் பாக்கற சென்சாரா? அது கெட்டா, வண்டி இன்னும் சில்லுனு கீதுன்னு நெனச்சு பெட்ரோல அள்ளி ஊத்துமா? தோ, இங்கேந்தே தெரியுது. கழட்டறேன், இரு இரு!

...ஜேம்ஸு, கீறியா?... சென்சார் ஒயரு சாக்கெட்டக் கழட்டிட்டேன். உள்ள இன்னா கீதுன்னு கேக்காதே... சொல்றேம்ப்பா! சந்தனம். காஞ்ச சந்தனம், அதுமேல குங்குமம்... யாரு வெச்சதா? ஆயுத பூஜையப்போ எந்தக் கழுதையோ... இன்னாடி சிரிக்கிற பஞ்சவர்ணம்?... நானா?...

ஆமாம்ப்பா. நான் தான் அந்தக் கழுதை. சாரு வண்டியாச்சேன்னு கழுவி, ஒரு ஒயரு சாக்கெட்டு உடாம கழட்டித் தொடச்சு, உள்ள ஒரு பொட்டு வெளிய ஒரு பொட்டு வெச்சேன். பக்தி முத்திப் போச்சு... சிரி, நல்லா சிரி. வவுறு வலிக்கச் சிரி! சரி, பிரஷ்ஷால தேச்சு மாட்டிட்டு வரேன்.

...ஹலோ! கேக்குதா சத்தம்? ரிசீவர வெளிய நீட்டறேன், கேளு... பாத்தியா? பொகையே இல்ல மச்சான்! நீ நல்லா இருப்ப. சாயந்தரம் அஞ்சுக்கே வந்துடு...

இன்னாது? கல்யாணமே இப்ப தான் தெரியுமா? பத்திரிகை வரலியா? பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே தபால்ல போட்டேனே... இல்ல... இல்லடா, அப்டி இல்ல...

நீ கேக்கறது நாயம். உனக்குப் போயி நேர்ல வராம தபால்ல போட்டேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும். கல்யாண அலைச்சல்னு சொன்னா அது சாக்கு. தப்பு தான். மன்னிச்சிரு.

இப்பவே வரேன்... இல்ல, வந்தே தீருவேன். வண்டியும் சூடாவணும்ல, பூந்தமல்லில உன் ஷெட்டு வரைக்கும் ஓட்டினாத் தானே நம்பலாம். பஞ்சவர்ணம், ஊட்டுக்கு ஓடி தாம்பாளத்த எட்த்தா! வெத்தல, பாக்கு, பழம்!... வழில வண்டி நின்னுட்டா இன்னா பண்றதா?

ஜேம்ஸு, நீ வாசல்லயே நில்லு. வண்டில வந்தேன்னா நீயும் ஏறிக்கோ, நேரா மாப்ளை ஊடு தான். தட்டத் தூக்கிகினு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தேன்னு வெச்சுக்கோ... அப்பவும் பத்திரிகைய வாங்கிக்கடா. வெக்கிறேன்.