ஃபாதர் கேட்ட ஒப்பாரி

மடுல்கெல்ல போகும் பஸ், ஆள் நிறையட்டும் என்று கண்டியில் காத்து நின்றது. என் முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். "அந்த வெள்ளக்கார ஃபாதர் சாவுக்கு நான் பாட மாட்டேன்" என்றார் மூத்தவர்.

"என்னக்கா இப்பிடிச் சொல்றீங்க? எங்கயோ பொறந்து, இங்க வந்து தமிழ் படிச்சு, நம்ம ஒப்பாரியெல்லாம் பொஸ்தகமாப் போட்டவரு. நாளைக்கு அடக்கம். உங்களப் பாடச் சொல்லி மாதா கோயில்ல கேக்குறாங்க."

"எம் மகன் செத்த அன்னிக்கும் டேப் ரெக்கோடரோடதான் வந்தாரு."

"ஜெபம் பண்ண வந்திருப்பாரு."

"பண்ணுனாரு. அப்புறம் நான் புள்ள தலமாட்டுல விழுந்து பாடி அழுதேன். முடிஞ்சதும் தோளத் தொட்டு, 'டேப் சுத்தல, இன்னொருக்காப் பாடும்மா'ன்னாரு."

"பாடுனீங்களா?"

"ஃபாதர் கேட்டா மாட்டேன்னு சொல்ற காலமா அது? பாடுனேன்."

பஸ் கிளம்பியது. இளையவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்தப் பாட்டக் கேட்டுத்தான் பெரிய பெரிய படிப்பாளியெல்லாம் அழுவாங்களாம்க்கா."

"அழட்டும். எம் புள்ளைக்குப் பாடுனது மொத தடவ. அது டேப்புல இல்ல. ரெண்டாவது, அவரு கேட்டாருன்னு அவருக்காகப் பாடுனது. அவரு ஒப்பாரிய நான் அன்னிக்கே பாடி முடிச்சிட்டேன்."