கடல்பாலத்து முனையில எனக்கு இடமில்லையாம்

...இடமில்லையாம் அங்கிள்! எனக்கு! அந்த முனையில!

முனையில மீன் இருக்குன்னு யாரு சொன்னா? நான் சொன்னேன்! வந்ததுலேந்து ஒவ்வொருத்தரா புடிச்சு, தொண்டை வத்தச் சொன்னேன். "ஏங்க எல்லாரும் தூணுக்கடியில தொங்க விட்டுட்டு நிக்கறீங்க? பாலத்து முனைக்குப் போங்க. அங்கதான் தண்ணி ஓடுது. ஓடற தண்ணியிலதான் இரை வரும், இரை வர்ற இடத்துக்குத்தானே மீன் வரும்"னு. அந்தத் தொப்பிக்காரர் இருக்காரே, "அதெல்லாம் சும்மாம்மா"ன்னார். சும்மாவா? விடுவேனா? நான் யுனிவர்சிட்டி விவாதக் குழுவுல இருக்கேன் அங்கிள். கடைசில மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டுட்டு முனைக்குப் போனார். அவர் பின்னாடியே எல்லாரும் போனாங்க. கடைசி ஆளையும் ஒத்துக்க வெச்சுட்டுத் திரும்பிப் பாக்கறேன்... ஈ நுழைய எடமில்ல! "கொஞ்சம் நகருங்க"ன்னா, "சீக்கிரம் வந்திருக்கணும்மா"ங்கறார். யாரு? அதே தொப்பி!

சிரிக்காதீங்க அங்கிள், நீங்க இப்பத்தான் தூண்டிலும் வலையுமா வந்தீங்க, நடந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்கு இது மானப் பிரச்சினை.

எங்க அண்ணன்னு ஒருத்தன் இருக்கான். "படிக்கட்டை ஒட்டின தூணுக்கடியில போடு, மீன் அங்க ஒதுங்கும்"ங்கறான். ஏன்டான்னு கேட்டா, "எனக்குத் தெரியும்"ங்கறான். இதெல்லாம் ஒரு வாதமா? நீங்களே சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க, நான் முடிச்சுக்கறேன். பந்தயம் கட்டிட்டோம். நான் சொன்ன இடத்துல மீன் கெடைச்சா அவன் தோத்தான். அவன் சொன்ன இடத்துல கெடைச்சா நான் தோத்தேன். தோத்தவங்க ராத்திரி சாப்பாட்டுல, அப்பா, அம்மா, அண்ணி எல்லாரும் கேக்க, "நீ சொன்னதுதான் சரி"ன்னு சொல்லணும்.

அந்த வார்த்தையை நான் பொறந்ததுலேந்து சொன்னதில்ல அங்கிள். என் பேப்பரைத் திருத்தின புரொஃபசர்கிட்டயே சொன்னதில்ல!

அண்ணன் வீட்டுலதான் இருக்கான், எங்க புடிச்சேன்னு பொய் சொல்லலாம்தான். ஆனா நான் வாதம் பண்ணுவேன், பொய் சொல்ல மாட்டேன். அது கொள்கை.

இப்ப இங்க நிக்கறது... ஆமா, படிக்கட்டு இருக்கு. ஆமா, தூணும் இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண? வேற எடம் இல்லாம நிக்கறேன். தூண்டில் சும்மா தொங்குது. இதுக்குப் பேரு தூண்டில் போடறது இல்ல, கையில வெச்சுக்க முடியாம...

ஏன் அங்கிள் கையை ஆட்டறீங்க? நான் பேசி முடிச்சப்பறம் உங்க கருத்தைச் சொல்லுங்க. என்ன தக்கை? தக்கை அங்கதானே மிதந்து...

ஐயோ! இழுக்குது! அம்மாடி, என்னா கனம்! வலையை நீட்டாதீங்க! தூக்கக் கூடாது! இங்க தூக்கினா அண்ணன் ஜெயிச்சுடுவான்!

இருங்க, யோசிக்கறேன். மாட்டறது வேற, புடிக்கறது வேற. சரியா? மாட்டின மீன் தப்பிச்சும் போகலாம். தண்ணிய விட்டு எங்க மேல வருதோ, அதான் புடிச்ச எடம். என்ன, தப்பா? தப்புன்னா எங்க தப்புன்னு காட்டுங்க! காட்ட முடியாது. அதனால இதை அப்படியே முனை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போயி அங்க தூக்கப் போறேன்.

வாடா செல்லம்... மெதுவா... வழி விடுங்க! தூண்டிலையெல்லாம் தூக்குங்க, மீன் வருது!

ஏன், எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் ஓடறீங்க? தொப்பி சார், பெட்டியத் தூக்கிட்டு எங்க போறீங்க? மீன் அங்க இல்ல, இங்க! என் தூண்டில்ல! இதோ பாருங்க, இங்கதான் தூக்கறேன்... ஹப்பா, வந்துடுச்சு! பாத்தீங்களா? யாராவது பாத்தீங்களா? ஒருத்தர்கூடத் திரும்பலையே!

அங்கிள், நீங்களாவது சாட்சி சொல்லுங்க! அங்கிள்...? நீங்களும் நான் நின்ன எடத்துல நின்னுட்டீங்களா? ஐயே, என்ன அங்கிள் அவ்ளோ தூரத்துல வீசறீங்க, ஒரு விவரமும் தெரியாம? தூணை ஒட்டிப் போடுங்க, தூணை ஒட்டி! அங்கதானே மீன் இருக்கு!