கடைசி ரீல் முதலில்

— முடியாது பாஸ்கலு. ஜனங்க அவங்கவங்க கையால எழுதிக் குடுத்த அபிப்பிராயம் இது. இத அழிச்சிட்டு வேற எழுதுன்றியே, நான் பைண்டிங் கடை வச்சிகிறனா, பொய் கடை வச்சிகிறனா?

— மெல்லப் பேசு ஹுமாயூன் பாய். மெய்யாலுமே சொல்றேன், இது ஒரு உசுரு வெசயம். பத்து மணிப் பூசை முடிஞ்சதும் பாதரு, ஒன்னாண்ட தைக்கக் குடுத்த இந்த நோட்டக் கேப்பாரு. அதுக்குள்ள எல்லாரும் 'படம் கலீஜு, இன்னிக்கு சாயங்காலம் போட வேணாம்'னு எழுதின மாரி ஆக்கிடு. அவ்ளோதான்.

— நெதானம், நெதானம். நேத்து ஒங்க கோயில் ஹாலுக்கு நான் வர்ல. ஒரு பொம்மைப் படத்துக்கு இவ்ளோ கலாட்டாவா? மொதல்ல இன்னா எழுதிகிறாங்கன்னு பாப்போம்.

— படி. படிச்சா நீயே கிழிச்சிப் போட்ருவ.

— மாசானம், மூட்டை தூக்குறவரு. 'படம் நன்றாக இருந்தது. ஆனால் கடைசி வரை ஒரு சண்டைகூட இல்லை. ஜப்பான்காரர்கள் சண்டை தெரிந்தவர்கள் என்று நம்பி வந்தேன்.'

— அவன் கெடக்கறான்.

— ஃப்ளோரா டீச்சர். 'எல்லோருக்கும் முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கிறது. பிள்ளைகள் அதேபோலக் கண்ணை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். கதை நல்ல கதை.' அடுத்தது கெங்கம்மா சொல்லி டீச்சர் எழுதினது. 'கடல் இவ்வளவு நீலமாக இராது. வரைந்தவர் ஒரு நாள் காசிமேட்டுக்கு வந்து பார்க்கட்டும்.'

— சோக்கா சொல்லிச்சி கெங்கம்மா. இத மட்டும் அழிக்காத.

— ஐஸ் பாக்டரி ரஷீது. 'மனிதர்களை நடிக்க வைக்காமல் ஏன் வரைந்தார்கள்? ஆள் கிடைக்கவில்லையா? ஆனால் மழை பெய்தபோது எனக்குக் குளிர்ந்தது. எப்படி என்று தெரியவில்லை.' பார்றா, தெனம் ஐசுல நிக்கிறவனுக்கே குளுந்துகிது! இது யாரு, வியாகுலம்மாள். 'அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தை புரியவில்லை. அந்தத் தாய் அழுதது மட்டும் புரிந்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு ஜெபமாலை சொன்னேன்.'

— பாத்தியா, அய வெக்குதில்ல? அதான் வேணாம்ன்றேன்!

— இரு. அதுக்கப்பறம் பதினோரு பேரு ஒரே மாரி எழுதிகிறாங்க. 'ஆபரேட்டர் கடைசி ரீலை முதலில் போட்டுவிட்டார். பாஸ்கல் சொன்ன கதையே வேறு. ஆபரேட்டரை மாற்ற வேண்டும்.' பதினோரு பேரும் ஒன் சந்துக்காரங்க.

— பின்ன? அவன் தப்பா ஓட்டினா எழுத மாட்டாங்களா? எழுபத்தொண்ணுல ஒரு ஜப்பான் கப்பலு வந்துச்சே, இரும்புத்தாது ஏத்தறதுக்கு. அதுல நான் சரக்கு தூக்கற வின்ச்சு ஓட்டிகினு இருந்தேன். கால்ல அடிபட்ட கப்பக்காரன் ஒருத்தன தோள்ல போட்டுகினு கீய எறக்கினேன். அவன் குடுத்ததுதான் இந்தப் படக்கதை புக்கு. இதத்தான் இப்ப படமா எடுத்துகிறானுங்க. அதே தாயி, அதே படகு. கதை எப்டி ஆரம்பிக்குது? தாயி கரைல தனியா நிக்குது. இவன் இன்னா காட்றான்? தாயி மடில கொயந்தய வச்சிகினு குந்திகினு கீது. அது கடசி சீனு பாய்! நான்தான் மொதல்ல கத்தினேன். அப்பால சந்தே எயுந்துகிச்சி. யாரோ ஒருத்தன் ஆபரேட்டரு சட்டையப் புடிச்சி இஸ்த்து...

— யாரோவா?

— சரி, நான்தான்.

— அந்த ஆபரேட்டர் தாமசும் எழுதிகிறான், கேளு. 'டப்பாக்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் இருந்தது. நம்பர்படிதான் ஓட்டினேன். என்னிடம் இருந்த நல்ல சட்டை இது ஒன்றுதான். ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.'

— அவன் ஆண்டவரக் கூப்ட்டா நான் இன்னா பண்ண முடியும்? பாய், எனக்கு தாமசும் வேணாம், படமும் வேணாம். சாயங்காலம் பொம்பளைங்களுக்குன்னு இன்னொரு தபா போட்றாங்க. எங்க அக்கா வருது. அதான் பேஜாரு.

— மேரியக்காவா?

— அடைக்கலமேரிதான், எனக்கு வேற எந்த அக்கா? ஒனக்குத் தெரியாததா? ஜேக்கப்பு லாஞ்சுல மீன் புடிக்கப் போய்த் திரும்பி வராத அன்னிலேர்ந்து ஒம்போது நாளு அதுக்கு பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் எறங்கல. இருந்தது ஒரே புள்ள. அந்த லாஞ்சுல சேத்து வுட்டதே நான்தான் பாய். 'மாமன் சொன்னா சரிதான்'னு சிரிச்சிகினே ஏறினான். பத்தாவது நாளு இந்த புக்க எடுத்துகினு அக்காவாண்ட போனேன். ஒவ்வொரு பக்கமா தள்ளிக் கதை சொன்னேன். தாயி கரைல நிக்குது. காலிப் படகு வருது. புயலு அடிக்குது. புயலுக்குள்ளேர்ந்து பையன் வரான், வூட்டுக்கு வரான், தாயி சோறு போடுது, தூக்கி மடில வச்சிக்குது. கதை முடிஞ்சதும் அக்கா தானா எயுந்து போய் தட்டு எடுத்துகினு வந்துச்சி. சோறு துன்னுச்சி. அன்னிலேர்ந்து ஞாயித்துக்கெயம ஆனா 'சொல்றா'ன்னு கேக்கும். ரெண்டு வர்சமாச்சி. இன்னிக்கு இந்த தாமசு தலகீயா ஓட்டி, தாயி தனியா நிக்கிறதோட கொண்டு போய் முடிச்சான்னா அது இன்னா ஆவும்? மறுபடி பட்னி கெடக்கும் பாய்.

— நெதானம். ஒண்ணு கேக்கறேன். புயலுக்குள்ளேர்ந்து வராம்பாரு, அந்தப் பையன் எவ்ளோ ஒசரம்?

— மொதல்ல என் தோளு ஒசரம் கீறான். அப்பால இடுப்பு ஒசரம். கடசில கைக்கொயந்த.

— வளர்றத வுட்டுட்டு சுருங்கறானே, எப்டி?

— சந்துப் பசங்களும் இதயேதான் கேட்டானுங்க. தாயாண்ட வந்துட்டா எவ்ளோ பெரிய ஆளும் கொயந்ததான்டான்னேன். ஏன், நல்லா இல்லியா?

— ரொம்ப நல்லா கீது. அதான் இத்தினி நாளு நான் வாயத் தொறக்கல.

— இன்னா தொறக்கல?

— நீ புக்க எந்தப் பக்கம் தொறந்த?

— எல்லாரும் தொறக்கற பக்கம்.

— எல்லாரும்னா யாரு நைனா? நான் தெனம் ஓதுற கிதாபு வலப்பக்கத்துலேர்ந்து தொறக்கும். ஜப்பான்காரன் கிதாபும் அப்டித்தான். கைல கீதில்ல ஒன் புக்கு, இப்டி வையி. இந்தப் பக்கத்துலேர்ந்து தள்ளு.

— இது கடசிப் பக்கம் பாய்.

— இல்ல. மொதப் பக்கம்.

— மடில கொயந்த... தவழுது... நடக்கறான்... பெரியவனாயிட்டான். அப்பனோட படகுல ஏறறான். புயலு. காலிப் படகு... பாய்.

— தள்ளு.

— தாயி கரைல நிக்குது. அப்பால பக்கம் இல்ல பாய். முடிஞ்சிடுச்சி.

— தாமசு சரியாத்தான் ஓட்டிகிறான்.

— ஒனக்கு எப்பத் தெரியும்?

— தாளு பிரிஞ்சிடுச்சின்னு பைண்டு பண்ணக் குடுத்தியே, அன்னிக்கே.

— இரு இரு. அன்னிக்கு அட்ட போட்டது நீதான? மேல் படத்த இந்தப் பக்கம் ஒட்டினது யாரு?

— நான்தான். அசல்ல அது அந்தப் பக்கம் இருந்துச்சி. பிரிச்சி எடுத்து, நீ தொறக்கற பக்கமா ஒட்டினேன்.

— எயுத்துல பொய் சொல்ல மாட்டேன்னு இம்மா நேரம் வசனம் பேசினியே! பசையில சொல்லலாமா?

— மேரியக்கா மூணு தபா கடைக்கு வந்துச்சி. 'பாய், ஆச்சா? பாய், ஆச்சா?'ன்னு. மூணாவது தபா அந்த மூஞ்சப் பாத்ததும் என் கையி தானா மாத்தி ஒட்டிடுச்சி. அல்லா மன்னிப்பான். ஆனா அன்னிக்கு அதால யாரு சட்டையும் கிழியல. இன்னிக்கு ஒருத்தன் கிழிஞ்சி நிக்கிறான். பாதரு இந்தப் பதினோரு பேரு எழுதினதப் படிச்சாருன்னா அவன அனுப்பிடுவாரு. அவனுக்கு இருக்கறது இந்த ஒரு வேலதான்.

— நெஜத்த எழுதினா மட்டும்? படம் போடறதுக்கு முன்னாடி பாதரு மைக்கப் புடிச்சிகினு, 'நம்ம பாஸ்கல் புத்தகத்தைத் தலைகீழாகப் படித்துவிட்டார்'னு சிரிச்சிகினே சொல்லுவாரு. அக்கா மொத வரிசைல குந்திகினு இருக்கும் பாய்.

— தெரியுது. தாமசக் காப்பாத்தினா அக்காவுக்கு அடி. அக்காவக் காப்பாத்தினா தாமசுக்கு அடி. இதுல நான் எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல. பேனா இந்தா.

— என் எயுத்து கோணல் பாய்.

— இருந்தா இருக்கட்டும். கோணலா எழுதினாலும் பாதரு படிப்பாரு... ஷ்ஷ். அங்க பாரு, அக்கா வருது.

— ஏன்டா ராசா, பூசைக்கு மொத மணி அடிச்சி எவ்ளோ நேரமாச்சி! இங்க குந்திகினு இன்னா பண்ற? பாய், இந்தக் கூடைய ஓரமா வச்சிக்கிறேன், கோச்சிக்காத.

— வெய்யிக்கா, வெய்யி.

— அக்கா, நல்ல வேள வந்த. நீ சாயங்காலம் படத்துக்கு வராத. மெய்யாலுமே கலீஜு. கண்ணெல்லாம் இவ்ளோ பெர்சு.

— ஆமா, பெருசுதான்.

— கடலு நெறம்கூட சரியில்லியாம். கெங்கம்மாவே சொல்லிகிது.

— என் பக்கத்துல நின்னுகினுதான சொன்னா.

— பக்கத்துலயா? எங்க?

— ஹாலு ஜன்னலாண்ட. நேத்து மீனு சீக்கிரம் வித்துப் போச்சி. உள்ள எடமில்ல, வெளியவே நின்னுகினு பாத்தோம். நீ தாமசு சட்டையப் புடிச்சி இஸ்த்ததையும் பாத்தேன். காலைல அவன் வூட்டுக்குப் போய் அதத் தச்சிக் குடுத்துட்டுதான் வரேன். தச்ச எடமே வெளிய தெரியாது. ஆனா மன்னிப்ப நான் கேக்க முடியாது, நீதான் கேக்கணும்.

— முழுசா பாத்தியாக்கா? கடசில அந்தத் தாயி...

— கரைல நிக்கிறா. பாத்தேன்.

— மேரியக்கா, இந்த புக்கு வெசயத்துல என் பேர்லயும் ஒரு தப்பு கீது. அந்த அட்ட...

— மாத்தி ஒட்டின. தெரியும் பாய். பழைய பச இன்னும் அந்தப் பக்கம் காஞ்சிகினு கீதே. வுடு.

— தெரியுமா? எப்பலேர்ந்து?

— இவன் மொத நாளு கதை சொன்னான் பாரு, அப்பவே. டேய், நான் பொறந்ததே வலைக்கு நடுவுல. நீ மொதல்ல காட்டின பக்கங்கள்ல, அந்தக் காலிப் படகுல கெடந்த வலைல எண்ணி ஏயு எடத்துல பொத்தல் அடச்சிகிது. நீ பக்கம் தள்ளத் தள்ள அது ஆறாவுது, நாலாவுது, ரெண்டாவுது. கடசில புத்தம் புது வலை சொவத்துல தொங்குது. எந்த ஊர்லடா வலை நாளாக நாளாகப் புதுசாவுது? நீ ரொம்ப உருகி உருகி சொல்லிகினு இருந்த. நான் பொத்தல எண்ணிகினு இருந்தேன்.

— அப்ப ஜேக்கப்பு வருவான்னு நீ...

— வர மாட்டான்டா. ஒம்போதாவது நாளே அவன் பேருக்குப் பூசை வெக்கச் சொல்லி பாதராண்ட குடுத்துட்டேன். ஒன்னாண்ட சொல்லல. ஏன்டா, அது இன்னா கைல, பேனாவா? எதையோ எயுத வந்து எயுதாம நிக்கிறியா?

— நான் சொல்றேன்க்கா. தாமசு சரியா ஓட்டினான்னு எழுதணும். எழுதினா ஒனக்குத் தெரிஞ்சிடும்னு பயந்துகினு நிக்கிறான்.

— தெரிஞ்சிடுச்சில்ல? எயுதுடா.

— எழுதிட்டேன். 'தாமஸ் ரீலைச் சரியாகத்தான் போட்டார். நான்தான் புத்தகத்தைத் தலைகீழாகப் படித்தேன். சட்டையைக் கிழித்ததும் நான்தான். படம் நல்ல படம். இப்படிக்கு, பாஸ்கல்.' போதுமா பாய்?

— போதும். இதுதான் இந்த நோட்டுலயே நேரான அபிப்பிராயம். அந்தப் பதினோரு பேரையும் இது ஒண்ணே பாத்துக்கும்.

— அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. எல்லாம் தெரிஞ்சிகினே அன்னிக்கு ஏன் சோறு துன்ன? ரெண்டு வர்சமா ஏன் ஞாயித்துக்கெயம தவறாம கதை கேட்ட?

— நான் பட்னி கெடந்த அந்த ஒம்போது நாளும் நீ எங்கடா இருந்த?

— நான்... கடலாண்ட.

— கடலாண்ட இல்ல. அலை வந்து மோதற கல்லு மேல. பொயுது வுடிஞ்சா கெங்கம்மா வந்து சொல்லுவா, 'ஒன் தம்பி இன்னிக்கும் கல்லு மேல நின்னுகினு தண்ணியப் பாக்கறான்'னு. பத்தாவது நாளுதான் இந்த புக்க எடுத்துகினு வூட்டுக்குள்ள வந்து குந்தின. பைண்டிங்குக்குக் குடுத்த அந்தப் பத்து நாளு மறுபடி அந்தக் கல்லு பக்கம் போன. அதான் பாய் கடைக்கு மூணு தபா ஓடி வந்தேன்.

— அக்கா...

— நீ கதை சொல்ற நேரம் வூட்டுக்குள்ள இருந்த. கேக்கறவ சாப்ட்டாத்தான் சொல்றவன் அடுத்த வாரமும் வருவான். புள்ளைய கடலுக்குக் குடுத்துட்டேன்டா ராசா, தம்பியையும் குடுக்க என்னால ஆவல. அதான் துன்னேன்.